கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் உத்தியோகம்

கொழிஞ்சாம்பாறை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கடை திறப்பதற்கு முன்.

மரியாதைக்குரிய அஷ்ரஃப் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை கைருன்னிசாவின் கணவனும், தற்சமயம் உங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் ஃபர்ஸானாவின் அத்தாவுமான முகம்மது கனி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ரப்பின் கிருபையால் இங்கே உடம்பு சுகம், வியாபாரம் சுமார், புத்தி மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மூணாறில் உங்கள் ஏலக்காய்க் கடைக்குச் சுற்றுலாக்காரர்கள் குறைவில்லாமல் வருகிறார்கள் என்றும், மைனிக்கு மூட்டுவலி தேவலை என்றும் நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீங்கள் சிரிப்பீர்கள். போனில் பேசலாம் என்றால் கைருன்னிசா என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள், நான் பாதி சொல்வதற்குள் மீதியை அவள் சொல்கிறாள், அதுவும் எனக்கு எதிராகச் சொல்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் உங்கள் போன் எப்போதும் ஃபர்ஸானா கையில். ஆகவே மூணாறுக்குக் காய்கறி ஏற்றிவரும் குருசாமியின் வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். படிக்கும்போது ஃபர்ஸானா பக்கத்தில் இருக்க வேண்டாம்.

மச்சான், முதலில் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் இனி கவுன்சிலர் வேணும், பிள்ளைகள் மனசு விட்டுப் பேச ஆளில்லை, நம்ம ஃபர்ஸானாவை அதுக்குப் படிக்கவை" என்று பெருநாள் பிரியாணியைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னது நீங்கள்தானே? நானும் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் வேலையாக்கும் என்று நினைத்து எம்.எஸ்.சி.யில் சேர்த்தேன். பார்த்தால், இந்தப் படிப்பில் புத்தியே சொல்லக் கூடாதாம். கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டுமாம். வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு இரண்டு வருஷப் படிப்பு! என் அத்தா எனக்கு அதை ஒரே முறைப்பில் கற்றுக்கொடுத்தார்.

படிக்க ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் ஒரு பேச்சு நேராக நடக்கவில்லை. கைருன்னிசா அடுப்படியிலிருந்து "கரண்டு போச்சுடீ" என்று கத்தினால், இவள் நிதானமாக வந்து நின்று, "கரண்டு போனது உங்களுக்கு எரிச்சலா இருக்கு, இல்லீங்களாம்மா?" என்கிறாள். "உனக்கு இல்லையாடீ?" என்று அவள் கேட்க, "இப்ப உங்களப் பத்திப் பேசலாம்மா" என்கிறாள். நான் "ஸ்கூல் திறக்குது, ஜியாமெட்ரி பாக்ஸ் கூட ரெண்டு கட்டு எடுக்கலாமா?" என்று கேட்டால், "நீங்க என்னத்தா நினைக்கறீங்க?" என்கிறாள். நான் என்ன நினைக்கிறேன் என்பது எனக்கே தெரியுமே, அதைத் தெரிந்துகொள்ளவா பெற்ற மகளைக் கேட்டேன்? போதாததற்கு நம் மளிகைக் கடையில் இருந்த ஸ்டூல்களைக் கோணலாகத் திருப்பிப் போட்டுவிட்டாள். நேருக்கு நேர் உட்கார்ந்தால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்குமாம், சாய்ந்த வாக்கில் உட்கார்ந்தால் மனசு திறக்குமாம். வந்தவர்கள் எல்லாரும் வெங்காய மூட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தன் மனசும் திறந்ததாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பிறகு பிராக்டிக்கல் என்று ஒன்று வந்தது. ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து நிஜப் பிள்ளைகளின் குறையைக் கேட்க வேண்டும், காலேஜிலிருந்து டின்சி மேடம் என்பவர் வந்து மேற்பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் படிப்பு முடியும். நம் அதிர்ஷ்டம், கடைக்கு நேர் எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்திலேயே இடம் கிடைத்தது. கல்லாவில் உட்கார்ந்தால் அவள் அறை ஜன்னல் தெரியும். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள். என் மகள் கடை போட்ட மாதிரி இருந்தது. அறையைச் சுத்தம் செய்து, நாற்காலியைக் கோணலாகப் போட்டு, மேசையில் மெல்லிசுக் காகிதக் கைக்குட்டை ஒரு பெட்டி வைத்தாள். எதற்கு என்றேன். பிள்ளைகள் அழுதால் துடைக்க என்றாள். அழுகைக்கு முதலிலேயே ஏற்பாடு செய்துவிட்டு ஆளுக்காகக் காத்திருப்பது என்ன வியாபாரமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதல் நாள் காலையிலிருந்து பெல் அடிக்கும்வரை ஒரு பிள்ளை அந்த அறைப்பக்கம் போகவில்லை. போணி ஆகவில்லை மச்சான்! நீங்களும் கடைக்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போணி ஆகாத கடையைப் பார்த்துக்கொண்டு பெற்றவன் எதிரே கல்லாவில் உட்கார்ந்திருக்க முடியுமா? இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் காலை நோட்டு வாங்க வந்த பிள்ளைகளிடம், "எதுத்தாப்புல அக்கா சும்மா உக்காந்துருக்கு, போய் ஒரு கஷ்டத்தைச் சொல்லிட்டு வாங்க, கடலை மிட்டாய் தர்றேன்" என்றேன். "எங்களுக்குக் கஷ்டம் ஒண்ணுமில்லீங்களே பாய் மாமா" என்றார்கள். அது ஒரு குறையா? "ராத்திரி தூக்கம் வரலைன்னு சொல்லுங்க" என்று நானே சரக்கையும் கொடுத்தனுப்பினேன். அன்றைக்கு மத்தியானமே அந்த அறை வாசலில் வரிசை நின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்று கைருன்னிசாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதற்கப்புறம் நடந்ததற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? ஃபர்ஸானா எழுதி அனுப்பியதைப் பார்த்த டின்சி மேடம், ஒரு பள்ளிக்கூடமே தூங்காமல் கிடக்கிறது என்று பதறிப்போய் ஹெச்.எம். டீச்சருக்குப் போன் போட்டிருக்கிறார். டீச்சர் பெற்றோர் கூட்டம் கூட்டி, ராத்திரியில் பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்காதீர்கள், டி.வி.யை அணையுங்கள் என்று உத்தரவு போட்டார். சுகாதார ஆபீசிலிருந்து ஆள் வந்து கொசுவா என்று சாக்கடையைக் குச்சியால் கிளறிவிட்டு, என் கடை வாசலில் பழைய டயர் கிடந்ததற்கு என்னையே திட்டிவிட்டுப் போனார். நானும் அந்தப் பெற்றோர் கூட்டத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன், எல்லாரும் தலையாட்டியதால் நானும் ஆட்டினேன். கடைசியில் ஒரு பொடிசு மிட்டாய் விஷயத்தை உளறிவிட்டது. ஃபர்ஸானா வீட்டுக்கு வந்து சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "அத்தா, இனி யாரையும் எங்கிட்ட அனுப்பாதீங்க" என்றாள். சரி என்றேன். சத்தியமாக அதற்குப் பிறகு நான் ஒருத்தரையும் அனுப்பவில்லை.

உள்ளே போய்விட்டு வெளியே வருகிறவர்களிடம் கேட்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லையே மச்சான்! மிட்டாய் நின்ற பிறகும் சில பிள்ளைகள் தாமாகவே போய்வந்தன. வெளியே வந்ததும் கடைக்கு வரும். "அக்கா என்ன சொன்னா?" என்று கேட்பேன். "ஒண்ணும் சொல்லலீங்க, கேட்டுக்கிட்டே இருந்துச்சு" என்னும். எனக்கு மனசே ஆறவில்லை. கறிவேப்பிலைகூடக் கொசுறாகப் போடாமல் ஒரு ஆளை நான் கடையிலிருந்து அனுப்பியது கிடையாது. என் மகள் வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்புகிறாளே, ஒரு வார்த்தை புத்தி சொன்னால் வாயா தேய்ந்துவிடும்? அந்தக் குறையை நான் இங்கே நிறைவேற்றினேன். கணக்கு வராதவனுக்கு விடியற்காலையில் எழச் சொன்னேன். சிநேகிதியோடு சண்டை போட்டவளைப் பேசாமல் இரண்டு பேருக்குமாக ஒரு ஐஸ் வாங்கித் தின்னச் சொன்னேன், அதில் ஐஸும் விற்றது. நல்லதுதானே செய்தேன்?

இப்போது சிவசங்கரி விஷயத்துக்கு வருகிறேன். நம் தேங்காய் மண்டி தனபாலைத் தெரியுமல்லவா, உங்கள் கல்யாணத்துக்கு இளநீர் இறக்கியவன், அவன் மகள். எட்டாவது. போன வருஷம்வரை தமிழ் மீடியத்தில் படித்துக்கொண்டிருந்தது. நாளைக்குக் கேரளாவில் கவர்மெண்டு உத்தியோகம் வேண்டுமென்றால் மலையாளம்தான் என்று தனபால் இந்த வருஷம் மலையாள மீடியத்துக்கு மாற்றி, ஊருக்கெல்லாம் லட்டுக் கொடுத்தான், நானும் இரண்டு தின்றேன். ஒருநாள் அந்தப் பிள்ளை ஃபர்ஸானா அறையிலிருந்து வந்து, ஒன்றும் வாங்காமல் பேனா டப்பாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றது. வழக்கம்போலக் கேட்டேன். "கடைவீதி மலையாளம் வேறைங்க பாய் மாமா, புஸ்தகத்து மலையாளம் வேறைங்க. டீச்சர் என்னமோ சொல்றாங்க, எல்லாரும் சிரிக்கறாங்க. நானும் சேந்து சிரிச்சுருவனுங்க. எதுக்குச் சிரிக்கறம்னு ஒருநாளும் தெரியாதுங்க" என்றது. மச்சான், எனக்குச் சுருக்கென்றது. பொய்யாகச் சிரித்துச் சிரித்தே ஒரு வருஷத்தை ஓட்டுகிறதே பிள்ளை! இதற்கு என்னிடம் கொசுறாகக் கொடுக்க ஒன்றும் இல்லை. ஆகையால், உரியவன் காதில் போட்டுவிட வேண்டியது என்று முடிவு செய்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே டீக்கடையில் தனபாலைப் பிடித்து, "தனபாலு, உம்புள்ள கிளாசுல ஒண்ணும் புரியாமயே சிரிச்சுக்கிட்டு இருக்குதாம், பழைய கிளாசுக்கே மாத்திரு" என்றேன். நன்றி சொல்வான் என்று பார்த்தால் முறைத்தான். "ஆரு சொன்னது பாய்?" என்றான். சும்மா என் வாய்ப்பேச்சு என்று நினைத்துவிடக் கூடாதே என்று, கொஞ்சம் பெருமையாகவுமே சொன்னேன்: "ஃபர்ஸானாகிட்டச் சொல்லியிருக்குது. படிச்ச புள்ள, அவகிட்ட எல்லாம் சொல்லும்." அந்த ஒரு வார்த்தையை என் வாயில் யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று தெரியவில்லை. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

மறுநாள் தனபால் பள்ளிக்கூடத்தில் போய் நின்று, "எம்புள்ள ரகசியமாச் சொன்னதைய டீக்கடை வரைக்கும் கொண்டாந்து விட்ருக்கறாங்களே, இதைய நம்பித்தானுங்க புள்ளைகள அனுப்பறது?" என்று கத்தினான், பழகிய தோஷத்துக்கு என் பேரை மட்டும் எடுக்கவில்லை. டின்சி மேடத்தை வரவழைத்தார்கள். நான் டீ கொண்டுபோகிற சாக்கில் ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ரூம் வாசலில் போய் நின்றேன். "வைச்சிட்டுப் போங்க கனி இக்கா" என்றார் ஹெச்.எம். டீச்சர். வைத்தேன், போகவில்லை. டின்சி மேடம் கேட்டார், "ஃபர்ஸானா, அந்தக் குட்டி சொன்னதை வெளியே சொன்னியா?" "இல்லை மேடம்." "பின்னே அது உன்கிட்ட என்ன சொல்லிச்சு?" அதற்கு என் மகள் சொல்கிறாள்: "அந்தக் குட்டி என்னைப் பார்க்க வந்துச்சா இல்லையான்னுகூட நான் சொல்ல முடியாதுங்க மேடம்." வந்ததை நான் பார்த்தேன், வாட்ச்மேன் பார்த்தார், எதிர்ச்சாரி ஆடு பார்த்தது! ஊருக்கே தெரிந்ததை இவள் மட்டும் சொல்ல மாட்டாளாம். "பிறகு தனபாலுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்கள். அவள் ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்தாள். நான் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். "தெரியலைன்னும் சொல்ல மாட்டேன் மேடம், யாருன்னும் சொல்ல மாட்டேன்" என்றாள். பிராக்டிக்கலை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். காலேஜில் கமிட்டி கூடிப் பேசுமாம். அவள்தான் சொன்னாள் என்று முடிவானால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "ஏம்மா, 'எங்கத்தாதான் சொன்னாரு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சே?" அதற்கு, "அப்பறம் 'உங்கத்தாவுக்கு யாரு சொன்னா'ன்னு கேப்பாங்க. அந்தப் புள்ளைதான்னு சொல்லணும். கடையில நின்னும் சொல்லியிருக்கான்னா தனபால் மாமா அவளை என்ன செய்வாருன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். சரிதான் என்று தோன்றியது, சரியில்லை என்றும் தோன்றியது, இரண்டும் ஒரே சமயத்தில் தோன்றியதில் அன்றைக்குப் பருப்பு கேட்டவருக்குப் புளியை நிறுத்திக் கொடுத்தேன். பிறகுதான் அவள் பெட்டி கட்டினாள். பொள்ளாச்சி பஸ் ஏறும்போது அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என்னிடம் "வர்றேன்த்தா" என்று மட்டும் சொன்னாள். சாதாரணமாக ஜன்னலிலிருந்து கை காட்டுவாள். அன்றைக்குக் காட்டவில்லை. பஸ்ஸில் கூட்டமாக இருந்திருக்கலாம்.

இப்போது என் நிலைமை இதுதான். சிவசங்கரி கடைப்பக்கமே வருவதில்லை, நோட்டு வாங்கச் சந்தைக்கே போகிறதாம். நானே போய் "வாய் என்னுடையது, ஃபர்ஸானா பேரைச் சொன்னது பொய்" என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் தனபாலோடு இத்தனை வருஷப் பழக்கம் அன்றோடு போகும், "கனிகிட்ட ஒண்ணு சொன்னா ஊருக்கே கேக்கும்" என்று ஆகிவிட்டால் இந்தக் கடையில் யார் வந்து உட்காருவார்கள்? அதனால் நீங்கள்தான் எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். ஃபர்ஸானாவை உட்காரவைத்து, அத்தா பேரைச் சொல்லி மேடத்துக்கு அவளாகவே ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். அது முடியாதென்றால் இந்த ஊமைப் படிப்பே வேண்டாம், வாய் திறக்கிற மாதிரி ஒரு பி.எட். படிக்கலாம் என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் கூட்டிவாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அவள் என்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். மைனியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், பெண்களிடம் சொல்வாள். அழுதாளா, கோபமாக இருக்கிறாளா, அத்தா என்ற பேச்சையே எடுக்கவில்லையா, எதுவாக இருந்தாலும் ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எழுதுங்கள். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். இந்தக் குஞ்சு நொண்டுகிறதா என்றாவது கோழிக்குத் தெரிய வேண்டாமா?

மைனிக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு துஆ. மலைக்குளிரில் ஃபர்ஸானாவுக்குச் சளி பிடிக்கும், காலையில் தலைக்கு ஊற்ற விடாதீர்கள். ரப்பு உங்கள் கடையிலும் வீட்டிலும் பரக்கத்தைத் தந்து, எனக்குக் கொஞ்சம் புத்தியையும் தருவானாக, ஆமீன்.

இப்படிக்கு,
ஒன்றும் விளங்காத உங்கள் மச்சான்,
கொ. அ. முகம்மது கனி

பின்குறிப்பு: இன்று திங்கள்கிழமை. குருசாமியின் வண்டி கியர் உடைந்து பொள்ளாச்சியிலேயே நின்றுவிட்டதால் கடிதம் என் சட்டைப்பையிலேயே இருந்தது. காலையில், வெயில் ஏறுவதற்கு முன், சிவசங்கரி வந்தாள். கடையில் வேறு யாருமில்லை. ஸ்கேல் கேட்டாள், எடுத்து வைத்தேன், வாங்காமல் நின்றாள். எனக்கு நாக்கு நுனிவரைக்கும் ஏழெட்டுப் புத்திமதி வந்துவிட்டது. ஏனோ அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றையும் சொல்ல வாய் வரவில்லை. கோணல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளாகவே பேச ஆரம்பித்தாள். வெகுநேரம் பேசினாள். நான் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன், அது மட்டும்தான் நான் செய்தது. கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வரட்டுங்களா பாய் மாமா" என்று எழுந்தாள். வந்தபோது இருந்ததைவிட அந்தப் பிள்ளை நிமிர்ந்து நடந்துபோனதை என் கண்ணால் பார்த்தேன் மச்சான். நான் ஒன்றுமே கொடுக்கவில்லை.

அப்போதே ஷட்டரை இறக்கிவிட்டு ஹெச்.எம். டீச்சரிடம் போய், டீக்கடையில் சொன்னது நான், என் மகள் என்னிடம் எதுவும் சொன்னதில்லை என்று சொன்னேன். டீச்சர் டின்சி மேடத்துக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தார். "உங்களுக்கு அது யாரு சொன்னாங்க?" என்று மேடம் கேட்டார். "அதை நான் சொல்லக் கூடாதுங்க மேடம்" என்றேன். மேடம், "ஃபர்ஸானாவின் அச்சன் தன்னே" என்று சிரித்தார், அவளுக்கு அப்பன்தான் நான் என்று. ஃபர்ஸானா பேரைச் சொன்னது பொய் என்று தனபாலிடமும் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவன் மத்தியானமே வேறு கடையில் அரிசி வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலம் மேடமே போனில் கூப்பிட்டுச் சொன்னார், கமிட்டி வேண்டாம் என்று ஆகிவிட்டது, பிராக்டிக்கலைத் தொடரலாமாம், ஒரே ஒரு நிபந்தனை: எதிரே அத்தாவின் கடை இல்லாத பள்ளிக்கூடமாக இருக்க வேண்டும். சூரியநெல்லிப் பக்கம் எஸ்டேட் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறார்களாம். வருஷம் முடியும்வரை அவள் உங்கள் வீட்டில்தான் இருப்பாள்.

ஆகவே, மேலே எழுதிய எதையும் செய்யாதீர்கள். சிவசங்கரி என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்கவும் கேட்காதீர்கள். கைருன்னிசா காலையிலிருந்து கேட்கிறாள், சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்து வைத்திருந்து வயிறு உப்பிவிட்டது, வாயுவாக்கும் என்று அவள் இஞ்சிச் சாறு பிழிந்து கொடுத்திருக்கிறாள். ஃபர்ஸானாவை உட்காரவைத்து விசாரிக்க வேண்டாம். டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சும்மா பக்கத்தில் இருங்கள். என்னைப் பற்றி அவளாக ஏதாவது சொன்னால், முழுதும் கேட்டுக்கொள்ளுங்கள் மச்சான். எனக்கு எழுத வேண்டாம்.